துறைமுகத்துத் தீயும் படச்சுருளும்

மூட்டை சுமந்தும் பண்டகசாலைகளில் கணக்கெழுதியும் பிழைக்க வந்த நம்மவர் பலருக்குச் சோறிட்டது பம்பாய்த் துறைமுகம். அத்துறைமுகம் 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் பட்ட துயரை நம் இளைஞர் அறிந்திருத்தல் நன்று.

விக்டோரியா கப்பல்துறையில் நின்ற ‘போர்ட் ஸ்டிகின்’ கப்பலில் ஏறத்தாழ 1,400 டன் வெடிமருந்தும், கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகளும், 124 தங்கக் கட்டிகளும் இருந்தன. பஞ்சில் பற்றிய தீ வெடிமருந்தை எட்டவே, மாலை நான்கு மணியளவில் கப்பல் வெடித்துச் சிதறியது. அரைமணிக்குள் மீண்டும் ஒரு பெருவெடி! சிம்லாவிலுள்ள நிலநடுக்கக் கருவியும் அவ்வதிர்ச்சியை உணர்ந்தது. தீயணைக்கச் சென்ற வீரருள் 66 பேர் மாண்டனர். அரசாங்கக் கணக்கின்படியே இறந்தோர் தொகை எழுநூறுக்கு மேல்.

இவ்வழிவைச் சுதீஷ் கடக் என்னும் இந்திய ஒளிப்பதிவாளர் படமாக்கினார். ஆனால் அது போர்க்காலம். இராணுவ அதிகாரிகள் படச்சுருளைப் பறிமுதல் செய்தனர். அதன் சில பகுதிகளே பிற்பாடு செய்திப்படமாக மக்களுக்குக் காட்டப்பட்டன. நிருபர்களும் மே மாதம் இரண்டாம் வாரத்தில்தான் செய்தி அனுப்ப அனுமதி பெற்றனர். ஜப்பானியர் வசமிருந்த சைகோன் வானொலியோ மறுநாளே உலகறியச் சொல்லிவிட்டது!

அக்காலத்து 35 மில்லிமீட்டர்ப் படச்சுருள்களிற் பெரும்பாலானவை பஞ்சினின்று செய்த நைட்ரேட்டினால் ஆனவை. எளிதில் தீப்பற்றும், காலப்போக்கில் தாமே பொடியாகும். கப்பலைப் போலவே அதன் படத்தையும் மீட்க வேண்டிய நிலை!

துறைமுகத்தை மீட்க, சுமார் 8,000 பேர் ஏழு திங்கள் உழைத்து, ஏறக்குறைய ஐந்து இலட்சம் டன் இடிபாடுகளை அகற்றினர். தங்கக் கட்டிகள் 1970ஆம் ஆண்டுகளிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்து ஒப்படைக்கப்பட்டன. தங்கத்திற்குக் கணக்கு உண்டு. இடிபாடு சுமந்த தோள்களுக்கோ? அவர்தம் பெயர்களை நூல்களில் காண்பது அரிது.

ஆகவே அன்பர்களே! தாராவியிலோ மாதுங்காவிலோ செம்பூரிலோ உங்கள் பெட்டியடியில் பழைய படங்கள் கிடந்தால், மழைக்கால ஈரம் படாது காத்திடுங்கள். படத்திலுள்ளோர் பெயர், ஊர், தொழில் ஆகியவற்றைப் பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பெரியோர் சொல்லக் கேட்டதையும் குறித்து வையுங்கள். பெயரற்ற படம் அடுத்த தலைமுறைக்கு அந்நியர் முகமே. பெயரெழுதிய படமோ குடும்பத்தின் சொத்து.