எலிக்கூடத்தில் வரும் தும்மல்

கல்மண்டபத்தில் குடியிருக்கும் ஒரு தொழிலாளி, மாதவரம் பக்கத்தில் ஆய்வு விலங்குகள் வளர்க்கும் கூடமொன்றுக்கு வேலைக்குப் போய் வருகிறார். சுண்டெலி, வெள்ளை எலிக் கூண்டுகளில் கூளம் மாற்றுவது அவர் பணி. இரண்டாம் ஆண்டில் தும்மலும் கண் அரிப்பும் தொடங்கின. "துறைமுகத்து லாரிப் புழுதிதான் சார்" என்றார். ஞாயிற்றுக்கிழமை எப்படி என்று கேட்டேன். "அன்னிக்கு ஒண்ணும் இல்லை சார்." ஞாயிறன்றும் கல்மண்டபத்தில் லாரி ஓடத்தான் செய்கிறது!

பலரும் நினைப்பதுபோல் எலியின் முடி மட்டும் இதற்குக் காரணமல்ல. சிறுநீரில் உள்ள ஒரு வகைப் புரதமே முக்கியக் காரணம். ஆண் எலியில் இது அதிகம். உமியிலும் மரத்தூளிலும் ஊறிக் காய்ந்து, கூளத்தைக் கொட்டும்போது கண்ணுக்குத் தெரியாத தூசியாக மிதக்கிறது. விலங்குகளைக் கையாள்வோரில் சுமார் 33 விழுக்காட்டினருக்கு ஒவ்வாமை அறிகுறிகளும், 10 விழுக்காட்டினருக்கு ஆஸ்துமாவும் காணப்படுவதாக அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம் 1998இல் எச்சரித்தது. பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளில் மூக்கில் தொடங்கும். அசட்டையாக இருந்தால் நெஞ்சில் இறங்கி இளைப்பாகும்.

நம் நண்பர் கட்டியிருந்தது கைக்குட்டை. இந்த நுண்தூசிக்கு அது போதாது. அறுவை மருத்துவர் கட்டும் மெல்லிய கவசமும் கன்னத்தோடு ஒட்டாது. என்-95 அல்லது எஃப்.எஃப்.பி-2 வகை முகக்கவசமே ஏற்றது. மூக்குக் கம்பியை அழுத்தி, இரு கைகளாலும் கவசத்தைப் பொத்தி ஊதிப் பாருங்கள். ஓரத்தில் காற்று கசிந்தால் சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள். தாடி இருந்தால் பொருந்தாது. ஈரமானதை மாற்றிவிட வேண்டும்.

ஆனால், கவசம் கடைசிக் காவல்தான். கூளத்தைத் தட்டி உதறாமல் மெதுவாகக் கொட்டுவதும், துடைப்பத்துக்குப் பதில் ஈரத்துணியால் துடைப்பதும், கொட்டும் இடத்திலேயே தூசியை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பும் முதலில் வேண்டும். பெட்டி பெட்டியாகக் கவசம் வாங்கிக் கொடுத்துவிட்டு, நின்றுபோன விசிறியைப் பழுது பார்க்காத நிர்வாகங்களையும் கண்டிருக்கிறேன். வேலை உடையுடன் பஸ் ஏறுவது கூடாது. அந்தத் தூசி வீடு வரை வரும்.

இளைப்பு தொடங்கியவருக்குக் கவசம் மட்டும் போதாது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் காட்டி, செய்யும் வேலையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நண்பர் வேலை போய்விடும் என்று ஓராண்டு மறைத்திருக்கிறார். தொழிலால் வரும் ஆஸ்துமா, இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்ப் பட்டியலில் இடம்பெற்றிருப்பது அவருக்குத் தெரியாது.

வீட்டில் முயல் வளர்ப்போரும், கோழிக்கொட்டகையில் ஆழ்கூளம் கிளறுவோரும் இதே கவசத்தை அணியலாம்.