சுவரைப் பார்க்குமுன் பட்டாவைப் பாருங்கள்

லயத்து வீட்டை விட்டுப் பட்டணத்துத் தாமானில் வீடு வாங்க எண்ணியிருக்கிறீர்களா? புதுச் சாயத்தைக் கண்டு மயங்கிவிடாதீர்கள். சாயம் இரண்டு நாள் வேலை!

முதலில் நிலப்பட்டாவைக் கேளுங்கள். ‘கெரான்’ என்றிருந்தால் நிரந்தர நிலம். ‘பஜாக்கான்’ என்றிருந்தால் குத்தகை நிலம். வழக்கமாக, அதிகம் போனால் 99 ஆண்டு. 1985இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2084இல் முடிந்துவிடும். இன்று வாங்குகிறவருக்கு அறுபது ஆண்டுகூட மிச்சமில்லை. ஆண்டு குறையக் குறைய விலை இறங்கும். வங்கியும் கடன் தரத் தயங்கும். நாளை நீங்கள் விற்கப்போனால், பெரும்பாலும் மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். விலை மலிவாக இருப்பதன் காரணம் பல சமயம் இதுதான்.

பால் மரம் வெட்டிச் சேர்த்த சேமநிதிப் பணத்தை, தரகர் காட்டும் நகலை நம்பிக் கொடுத்துவிடலாமா? நில அலுவலகத்தில் கட்டணம் கட்டித் தேடிப் பார்த்தால், உரிமையாளர் யார், வங்கி அடமானம் உண்டா, எவரேனும் கேவியட் போட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

அடுக்குமாடி வீடானால் பராமரிப்புக் கட்டணப் பாக்கியையும் விசாரியுங்கள்.

வீட்டைப் பார்க்க, பெருமழை விட்ட மறுநாள் போங்கள். கூரை மூலையில் ஈரக் கறை தெரியும். வெள்ளம் எதுவரை ஏறும் என்பதைப் பக்கத்து வீட்டம்மாவிடம் கேளுங்கள், விற்பவர் சொல்லமாட்டார்.