சிறு குரலைப் பெருக்கும் கருவி

பேச்சும் பாட்டும் காற்றில் பிறந்து காற்றிலேயே மறைவன. 1877ஆம் ஆண்டில் எடிசன் போனோகிராப் என்னும் கருவியைப் படைத்தார். மறையும் ஒலியைப் பிடித்து வைத்து மீண்டும் கேட்கும் ஆற்றல் அதனால் மனிதனுக்கு வாய்த்தது. முன்பு பெரிய நிலையங்களில் மட்டும் நடைபெற்ற ஒலிப்பதிவு இன்று வீடுகளிலும் நடைபெறுகிறது. பாட்டி பாடும் தாலாட்டும், நாற்று நடும் பெண்கள் பாடும் பாட்டும் பெரும்பாலும் ஏட்டில் ஏறாதவை. பாடுவோர் மறைந்தால் அவையும் மறையும். ஆதலின், வீட்டில் செய்யும் பதிவும் தெளிவாக இருத்தல் வேண்டும். அத்தெளிவுக்குத் துணை செய்யும் எளிய கருவியே முன்பெருக்கி.

ஒலிவாங்கி காற்றின் அதிர்வை மின்னழுத்தமாக மாற்றுகிறது. ஆனால், அம்மின்னழுத்தம் மிகச் சிறியது. அருகில் நின்று பேசினாலும் சில மில்லிவோல்ட் அளவே எழும். பதிவுக் கருவியில் ‘லைன் இன்’ என்று குறிக்கப்பட்ட வாய்க்கோ சில நூறு மில்லிவோல்ட் வேண்டும். இவ்விரண்டிற்கும் இடையே நின்று, சிறியதைப் பெரியதாக்கித் தருவதே முன்பெருக்கியின் தொழில்.

பதிவு செய்து முடித்த பின்னர் ஒலியைக் கூட்டிக்கொண்டால் ஆகாதோ என்று சிலர் வினவக்கூடும். மின்கருவி ஒவ்வொன்றும் தன் பங்கிற்குச் சிறிது இரைச்சலைச் சேர்க்கிறது. குரலின் அளவு 10 என்றும், பதிவுக் கருவி சேர்க்கும் இரைச்சல் 1 என்றும் கொள்வோம். பின்னர் இதனை 40 மடங்கு பெருக்கினால் குரல் 400 ஆகும். இரைச்சலும் 40 ஆகும். குரலை முதலிலேயே 40 மடங்கு பெருக்கிப் பதிவுக் கருவிக்கு அனுப்பினாலோ, 400 அளவுள்ள குரலோடு அக்கருவியின் இரைச்சல் 1 மட்டுமே சேரும். ஆனால், முன்பெருக்கியே இரைச்சலிட்டால் அதனைப் பின்வரும் பகுதிகளும் சேர்த்தே பெருக்கும். முதற்படி தூயதாயின் மற்றப் படிகளின் குறை பெரிதாகத் தோன்றாது. 1944ஆம் ஆண்டில் ஹெரால்டு பிரீஸ் என்னும் பொறியியல் அறிஞர் இவ்வுண்மையைக் கணக்கின் வாயிலாக விளக்கினார்.

இத்தகைய கருவியைச் சிறு செலவில் மாணவர்களே அமைக்கலாம். எலக்ட்ரெட் ஒலிவாங்கி வில்லை ஒன்று, பி.சி. 547 என்னும் டிரான்சிஸ்டர் ஒன்று, 10 கிலோ ஓம், 4.7 கிலோ ஓம், 1 மெகா ஓம் அளவுள்ள மின்தடைகள் மூன்று, 1 மைக்ரோபாரட், 10 மைக்ரோபாரட் அளவுள்ள மின்தேக்கிகள் இரண்டு, 9 வோல்ட் மின்கலம் ஒன்று ஆகியவை போதும். எலக்ட்ரெட் ஒலிவாங்கியை 1962ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்கார்டு செஸ்லர் என்னும் இருவர் உருவாக்கினர்.

டிரான்சிஸ்டரின் தட்டையான முகம் நம்மை நோக்க, கால்கள் கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்தால், இடமிருந்து வலமாக ஏற்பான், அடிவாய், உமிழ்ப்பான் என மூன்று கால்கள் அமைந்திருக்கும். மின்கலத்தின் நேர்முனையிலிருந்து 10 கிலோ ஓம் தடையின் வழியாக ஒலிவாங்கிக்கு இணைப்புத் தருதல் வேண்டும். ஒலிவாங்கியின் உலோகக் கூட்டோடு சேர்ந்த முனை, மின்கலத்தின் எதிர்முனையைச் சேரும். ஒலிவாங்கியும் தடையும் கூடும் இடத்தில் சிறிய மின்தேக்கியின் நேர்முனையையும், அடிவாயில் அதன் எதிர்முனையையும் இணைக்கவேண்டும். ஏற்பானுக்கும் அடிவாய்க்கும் இடையே 1 மெகா ஓம் தடையும், நேர்முனைக்கும் ஏற்பானுக்கும் இடையே 4.7 கிலோ ஓம் தடையும் அமையும். உமிழ்ப்பான் எதிர்முனையைச் சேரும். பெரிய மின்தேக்கியின் நேர்முனையை ஏற்பானில் இணைத்தால், அதன் மறுமுனையிலிருந்து பெருகிய ஒலிக்குறிப்பு வெளிவரும். அதனைப் பதிவுக் கருவிக்குக் கொண்டுசெல்லும் கம்பியின் உலோக உறை எதிர்முனையோடு இணைதல் வேண்டும்.

ஏரியின் மதகுக் கதவைச் சிறிதே அசைத்தாலும் பெருவெள்ளம் கூடியும் குறைந்தும் பாய்கிறது. அவ்வாறே அடிவாயில் புகும் சிறு மின்னோட்டம், ஏற்பானின் வழியே ஓடும் பெரிய மின்னோட்டத்தை ஆட்டுவிக்கிறது. வெள்ளத்தின் ஆற்றல் மதகில் இல்லை, ஏரியில் உள்ளது. இங்கும் பெருக்கத்திற்கு வேண்டிய ஆற்றலை மின்கலமே தருகிறது. மின்தேக்கிகள் மின்கலத்தின் நிலையான மின்னோட்டத்தைத் தடுத்து, ஒலியின் அசைவை மட்டும் செல்லவிடுகின்றன. இவ்வமைப்பினால் ஒலி பல பத்து மடங்கு பெருகும்.

வேலை முடிந்ததும் ஏற்பானுக்கும் எதிர்முனைக்கும் இடையே உள்ள மின்னழுத்தத்தை அளந்து பார்த்தல் நன்று. அது 3 முதல் 6 வோல்ட் வரை இருந்தால் அமைப்பு சரி எனக் கொள்ளலாம். ஏறத்தாழ 9 வோல்ட்டாகவோ சுழியாகவோ இருந்தால் இணைப்பில் பிழை உண்டு. டிரான்சிஸ்டரின் கால்களை முதலில் சரிபார்க்கவேண்டும்.

வீட்டு மின்கம்பிகளில் நொடிக்கு 50 முறை மாறும் மின்னோட்டம் ஓடுகிறது. அது அருகிலுள்ள கம்பிகளில் புகுந்து ‘உம்’ என்னும் முழக்கத்தை எழுப்பும். ஆகவே, கம்பிகள் குறுகியனவாக இருத்தல் வேண்டும். கருவியைத் தகரப் பெட்டியில் அடக்கி, அப்பெட்டியையும் எதிர்முனையோடு இணைத்தல் வேண்டும். இக்கருவிக்கு வீட்டு மின்சாரத்தை ஒருபோதும் இணைத்தலாகாது. ஈயம் வைத்துப் பற்றவைக்கும்போது ஆசிரியரோ பெரியவரோ உடனிருத்தல் நலம்.

குரலோடு கலந்து பதிந்துவிட்ட இரைச்சலைப் பிறகு முற்றும் பிரித்தெடுத்தல் அரிது. பாடியவர் மறைந்த பின் மீண்டும் பாடச்சொல்லிக் கேட்கவும் இயலாது. எனவே, ஒலியைக் காக்க விரும்புவோர் தம் கவனத்தை முதலில் செலுத்தவேண்டிய இடம், ஒலிவாங்கியை அடுத்து நிற்கும் இச்சிறு கருவியே ஆகும்.