தடுமாறி எழ ஒரு பருவம்

மூவாரில் ஆறாம் படிவம் படிக்கும் பிள்ளை கலைத்துறைக்குப் போகிறேன் என்றால், “அதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?” என்றுதான் வீட்டில் முதலில் கேட்போம். அதற்கு வேறு விதமாகப் பதில் சொன்ன கல்லூரி ஒன்று ஜொகூர் பாலத்துக்கு அப்பால் இருந்தது.

சிங்கப்பூரின் யேல்-என்யுஎஸ் கல்லூரி 2013இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. எந்தத் துறையில் பட்டம் பெறுவதானாலும் இலக்கியம், தத்துவம், அறிவியல் மூன்றையும் எல்லாரும் படித்தாக வேண்டும். இராமாயணமும் கிரேக்கரின் ஒடிசியும் ஒரே பாடத்தில் வந்தன. வாசிப்பும் கட்டுரையும் குவியும். ஆனால், முதல் பருவத்தின் புள்ளிகள் இறுதிச் சராசரியில் சேரா. சிறிய வகுப்புகள், விடுதியும் வளாகத்திலேயே. பிள்ளை திணறினால் ஆசிரியரின் கண்ணில் படாமல் போகாது.

2021இல் மூடல் அறிவிப்பு வந்தது. 2025இல் கடைசி அணி பட்டம் பெற்றது. அதன் இடத்தில் 2022 முதல் என்யுஎஸ் காலேஜ் இயங்குகிறது. எஸ்.டி.பி.எம். முடித்தவர்களும் விண்ணப்பிக்கலாம்.

எந்தக் கல்லூரியைப் பார்க்கப் போனாலும், கட்டணத்தோடு இன்னும் இரண்டைக் கேளுங்கள்: என் பிள்ளையிடம் எவ்வளவு உழைப்பை எதிர்பார்ப்பீர்கள்? தடுமாறினால் யார் கை கொடுப்பார்?