ஊர் கூடிப் படம் பார்ப்போம்

பிள்ளைகளே, அல்பெர்கேரியாவில் இருக்கும் பல்லாரோச் சந்தைக்கு எத்தனையோ தரம் போயிருப்பீர்கள். அடுத்த முறை மக்கேதா வீதியைக் கடந்து, கல்தெராய் வீதிக்குள் போய்ப் பாருங்கள். அங்கே வீதியின் பெயர்ப்பலகை மூன்று மொழிகளில் இருக்கும்: இத்தாலியம், எபிரேயம், அரபு.

"இத்தாலியில ஏன் எபிரேய எழுத்து இருக்கு?" என்று கேட்பீர்கள்.

முன்பு அந்தப் பகுதியில் யூதர்கள் வாழ்ந்தார்கள். எபிரேயம் அவர்களுடைய வேதத்தின் மொழி. அவர்கள் அரபும் பேசினார்கள். 'கல்தெராய்' என்றால் அண்டா, கிடாரம் செய்பவர்கள் என்று பொருள். அப்போது சிசிலித் தீவை ஸ்பெயின் அரசர் ஆண்டார். 1492ஆம் ஆண்டு அவர் ஒரு கட்டளை போட்டார். யூதர்கள் நாட்டை விட்டுப் போக வேண்டும். மதம் மாறியவர்கள் மட்டும் இருக்கலாம். அதற்குக் கடைசி நாள் 1493 ஜனவரி 12. வீடு, கடை, தொழுகைக்கூடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மக்கள் கப்பல் ஏறினார்கள்.

ஊரை விட்டுப் போவது என்றால் என்னவென்று உங்கள் அம்மம்மாவைக் கேளுங்கள். அவருக்குத் தெரியும்.

524 ஆண்டுகள் கழித்து, அதே ஜனவரி 12ஆம் நாள், 2017இல், பலெர்மோவின் பேராயர் ஒரு செய்தி சொன்னார். பழைய யூதத் தெருவில் இருக்கும் ஒரு சிறிய செபக்கூடத்தை யூதர்களின் தொழுகைக்குக் கொடுப்பதாக அறிவித்தார்.

ஒரு சமூகம் தன் கதையை மறக்காமல் இருக்கத் தொழுகைக்கூடம் ஒரு வழி. திரைப்பட விழா இன்னொரு வழி.

விழா எப்படித் தொடங்கியது?

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1980ஆம் ஆண்டு ஒரு யூதத் திரைப்பட விழா தொடங்கியது. தொடங்கியவர் டெபோரா காஃப்மன் என்னும் பெண். பெரிய படங்களில் யூதர்களை எப்போதும் ஒரே மாதிரிக் காட்டினார்கள். "எங்கட கதையை நாங்களே சொல்ல வேணும்" என்பதுதான் விழாவின் எண்ணம். இந்த விழா இன்றும் நடக்கிறது. உலகில் இப்படி நடக்கும் விழாக்களில் இதுவே மிகப் பழையது.

உரோம் நகரிலும் ஒரு விழா உண்டு. அதன் பெயரில் 'கோல்னோவா' என்ற எபிரேயச் சொல் வருகிறது. 'கோல்' என்றால் குரல். 'நோவா' என்றால் அசைவு. இரண்டும் சேர்ந்தால் சினிமா! நாம் திரையையும் படத்தையும் சேர்த்துத் 'திரைப்படம்' என்கிறோம். அவர்கள் குரலையும் அசைவையும் சேர்த்தார்கள்.

எந்தப் படத்தைக் காட்டுவது?

முதல் கேள்வியே கடினமானது. யூதப் படம் என்றால் எது? யூதர் எடுத்த படமா? யூதரைப் பற்றிய படமா?

'லா வீத்தா எ பெல்லா' படத்தை உங்களில் சிலர் பள்ளியில் பார்த்திருக்கலாம். 1997இல் வந்த படம் அது. ஒரு யூத அப்பாவும் அவருடைய சின்ன மகனும் பற்றிய கதை. ஆனால் அதை எடுத்த ரொபேர்தோ பெனீனி யூதர் இல்லை. அந்தப் படத்தை விழாவில் காட்டலாமா? குழுவில் உள்ளவர்கள் இருந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

துக்கக் கதைகள் மட்டும் போதாது. சிரிப்புப் படம், பாட்டுப் படம், சிறுவர் படம் எல்லாம் வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள், "நாங்கள் எப்பவும் அழுத ஆட்களோ?" என்று நினைத்துவிடுவார்கள்.

பழைய படங்களும் வேண்டும். 1937இல் போலந்தில் 'டிபுக்' என்ற படம் வந்தது. அது இத்திஷ் மொழிப் படம். இத்திஷ் ஐரோப்பிய யூதர்கள் வீட்டில் பேசிய மொழி. இரண்டு வருடங்களில் போர் தொடங்கியது. அந்த மொழியைப் பேசிய பல இலட்சம் மக்கள் கொல்லப்பட்டார்கள். ஆனால் படத்தைப் போட்டால் அந்த மொழி இன்னும் காதில் கேட்கும்.

எப்போது காட்டுவது?

யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளி மாலை, சூரியன் மறையும்போது தொடங்கும். சனி இரவு, இருட்டிய பிறகு முடியும். அந்த நேரத்தில் பக்தியுள்ளவர்கள் படம் பார்க்க வரமாட்டார்கள். அதனால் பல விழாக்கள் வெள்ளி இரவில் படம் போடுவதில்லை. பலெர்மோவில் ஜூலை மாதம் சூரியன் எட்டரை மணியளவில்தான் மறையும். அப்படியானால் சனிக்கிழமைப் படத்தை எத்தனை மணிக்குத் தொடங்கலாம்? யோசியுங்கள்.

மொழி தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்?

இத்தாலியில் வெளிநாட்டுப் படங்களுக்குப் பெரும்பாலும் இத்தாலியக் குரல் கொடுப்பார்கள். விழாவில் அப்படிச் செய்வது குறைவு. நடிகரின் சொந்தக் குரலே கேட்கும். கீழே எழுத்து ஓடும். அதைத் துணைவரி என்கிறோம். ஒரு நேரத்தில் இரண்டு வரிதான் போடலாம். அதை வாசிக்கச் சில நொடிகள்தான் கிடைக்கும். அதனால் சுருக்க வேண்டும்.

அம்மா சொல்வது: "எத்தனை தரம் சொன்னனான், கை கழுவாமல் சாப்பிடக் கூடாதெண்டு!"

துணைவரி: "முதலில் கையைக் கழுவு."

பொருள் வந்துவிட்டது. அம்மாவின் கோபம் வந்ததா? துணைவரி எழுதுபவரின் கஷ்டம் அதுதான்.

பணம் எங்கிருந்து வரும்?

படத்தைச் சும்மா எடுத்துக் காட்ட முடியாது. உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி கேட்டு, பணமும் கொடுக்க வேண்டும். மண்டப வாடகை வேறு. மண்டபத்தில் 100 இருக்கைகள், ஒரு ரிக்கெற் 5 யூரோ என்று வையுங்கள். எல்லா இருக்கையும் நிறைந்தாலும் 500 யூரோதான்! மிச்சத்துக்குக் கடைக்காரர்களின் விளம்பரம், நல்ல மனம் உள்ளவர்களின் நன்கொடை. ரிக்கெற் கிழிப்பது, கதிரை அடுக்குவது எல்லாம் தொண்டர் வேலை.

சண்டை வந்தால்?

வரும். 2009இல் சான் பிரான்சிஸ்கோ விழாவில் 'ரேச்சல்' என்ற படத்தைக் காட்டினார்கள். காசாவில் இறந்துபோன ஓர் அமெரிக்க இளம்பெண்ணைப் பற்றிய படம் அது. "காட்டக் கூடாது" என்று சிலர் கோபப்பட்டார்கள். "காட்டத்தான் வேண்டும்" என்றார்கள் வேறு சிலர். சமூகத்துக்குள்ளேயே பெரிய வாக்குவாதம். ஆனாலும் படம் ஓடியது.

எல்லாருக்கும் பிடித்த படத்தை மட்டும் காட்டினால் அது சுலபமான விழா. படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் ஒரே மண்டபத்தில் இருந்து பேசுவதற்குத்தான் துணிவு வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட வேண்டும். யூதர் அல்லாதவர்களும் வந்து பார்த்தால்தான், பெயர்ப்பலகையில் இருக்கும் அந்த எழுத்து யாருடையது என்று ஊருக்குத் தெரியும்.

சொல் அறிவோம்
தரம் – தடவை
பேராயர் – ஒரு மறைமாவட்டத்தின் பெரிய ஆயர்
துணைவரி – படத்தின் கீழே ஓடும் மொழிபெயர்ப்பு
கதிரை – நாற்காலி

பேசுவோம்
1. யூதத் திரைப்பட விழாக்கள் வெள்ளி இரவைத் தவிர்ப்பது ஏன்?
2. உங்கள் அப்பா அடிக்கடி சொல்லும் ஒரு வசனத்தை எழுதுங்கள். அதற்கு இத்தாலிய மொழியில் ஒரு வரித் துணைவரி எழுதுங்கள். எதை விட்டீர்கள்?
3. பல்லாரோவில் தமிழ்த் திரைப்பட விழா ஒன்று நடத்தினால், முதல் நாள் எந்தப் படத்தைக் காட்டுவீர்கள்? வகுப்பில் இரண்டு அணியாகப் பிரிந்து பேசுங்கள்.