பயிற்சிப் படையினரின் மன அழுத்தம்

கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து பதுளை நோக்கிப் புறப்படும் புகைவண்டி, மலைநாட்டைச் சுற்றிச் சுற்றி ஏறித் தியத்தலாவையை அடைகின்றது. கடற்கரைப் புழுக்கத்தில் வளர்ந்த இளைஞன் ஒருவன், ஒரு பகற்பொழுதின் பிரயாணத்தில் ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலே குளிர்காற்றில் வந்து இறங்குகின்றான். அங்கே மாறுவது காற்று மாத்திரமன்று. விடியுமுன் எழ வேண்டும். நிமிடக் கணக்கில் உண்ண வேண்டும். தாயின் குரல் கேட்ட செவியிற் கட்டளைக் குரல் விழுகின்றது. உடலுக்கும் உள்ளத்துக்கும் ஒரே நாளில் ஏறும் இச்சுமையையே மன அழுத்தம் என்கின்றோம்.

இப்பிரயாணம் கொழும்பு மாணவருக்குப் புதியதன்று. 1881ஆம் ஆண்டில் றோயல் கல்லூரியில் கடேற் எனப்படும் மாணவர் படை தொடங்கிற்று. பின்னர் பல கல்லூரிகளின் மாணவர் ஹேர்மன் லூஸ் கேடயத்துக்காகத் தியத்தலாவையிற் போட்டியிட்டனர். 1949இல் இலங்கை இராணுவம் அமைந்தபின் அவ்வூரே படைப்பயிற்சியின் முதன்மையான இடமாயிற்று. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதிவழியே தெற்கே சென்றால், 1981ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்டு இன்று பல்கலைக்கழகமாக விளங்கும் கொத்தலாவலை பாதுகாப்புக் கல்விக்கூடம் இரத்மலானையில் இருக்கின்றது. ஆண்களும் பெண்களுமாகப் பயிற்சி பெறுவோர் எங்கிருப்பினும் அவர்கள் உள்ளத்தின் இயல்பு ஒன்றே.

ஆபத்து எதிர்ப்படும்போது உடல் போரிடவோ ஓடவோ தன்னை ஆயத்தஞ் செய்துகொள்கின்றது என்பதை ஹார்வார்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் வோல்ற்றர் கனன் 1915இல் விளக்கினார். அட்றினலின் என்னும் சுரப்பு இரத்தத்திற் கலக்கின்றது, இதயம் விரைகின்றது, தசைகள் இறுகுகின்றன, சமிபாடு தடைப்படுகின்றது. மொன்றியல் நகரில் ஆராய்ந்த ஹான்ஸ் செலியே 1936இல் மேலும் ஒரு படி சென்றார். சுமை நீடிக்கும்போது உடல் முதலில் திடுக்கிடுகின்றது; அடுத்துத் தாங்கிக்கொள்கின்றது; ஓய்வின்றி மேலும் நீடித்தால் ஓய்ந்து விழுகின்றது. இம்மூன்று நிலைகளையும் அறிந்தவர், தாங்கி நிற்பவன் எல்லையின்றித் தாங்குவான் என்று எண்ணமாட்டார்.

இதனால் அழுத்தம் யாவும் தீது என்று கொள்ளலாகாது. சிறிதும் பதற்றமில்லாதவன் சோம்புகின்றான். அளவு மீறிப் பதறுபவன் தடுமாறுகின்றான். இடைப்பட்ட நிலையிலேயே செயல் சிறக்கின்றது. பயிற்சியின் நோக்கமும் சுமையைப் படிப்படியாக ஏற்றி, நாளை வரும் பெருஞ்சுமைக்கு உள்ளத்தைப் பழக்குவதே. பழக்குதல் வேறு, நொறுக்குதல் வேறு. ஒவ்வொரு சுமைக்கும் பின் மீண்டெழ அவகாசம் இருந்ததா என்பதே இரண்டையும் பிரிக்கும் கோடு.

அக்கோட்டை அறியாமையால் நேர்ந்த கொடுமைக்கு முதலாம் உலகப் போர் சான்று. பீரங்கி வெடிகளிடையே நின்ற வீரர் சிலர் காயமின்றியே பேச்சிழந்தனர், பார்வையிழந்தனர், நடுங்கினர். சார்ள்ஸ் மையர்ஸ் என்னும் வைத்தியர் 1915இல் இதனை லான்செற் இதழில் எழுதினார். எனினும் இராணுவ நீதிமன்றங்கள் பலரைக் கோழைகளென்றும் ஓடிப்போனவர்களென்றும் தீர்த்துச் சுட்டுக்கொன்றன. அவ்வாறு மாண்ட 306 பேருக்குப் பிரித்தானியா 2006ஆம் ஆண்டிற்றான் மன்னிப்பு வழங்கியது. அவருள் எத்தனை பேர் நோயாளிகள் என்பதை இனி எவரும் அளந்தறிய இயலாது.

அப்போரிலிருந்தே ஒரு நல்ல படிப்பினையும் வந்தது. அமெரிக்க வைத்தியர் தோமஸ் சாமன் முதலியோர் கண்ட முறையைப் பின்வந்தோர் மூன்று சொற்களிற் சுருக்கினர்: அண்மை, விரைவு, நம்பிக்கை. தளர்ந்தவனைத் தோழரிடமிருந்து தொலைவிற்கு அகற்றாமல் அருகிலேயே கவனித்தல். நாட்களைக் கடத்தாது உடனே கவனித்தல். ‘நீ குணமாகி மீள்வாய்’ என்று உறுதி கூறுதல். பயிற்சி முகாமுக்கும் இம்மூன்றும் பொருந்தும்.

தளர்ச்சியை எவ்வாறு அறிவது? களைத்திருந்தும் உறக்கம் வாராமை, தலைவலி, வயிற்றுக் கோளாறு, உணவில் வெறுப்பு ஆகியன உடலிற் காணும் அடையாளங்கள். சொன்ன கட்டளையை மறத்தல், சிறு சொல்லுக்கும் சினத்தல், காரணமின்றிக் கண் கலங்குதல் ஆகியன உள்ளத்தின் அடையாளங்கள். சிரித்துப் பழகியவன் ஒதுங்கியிருத்தல், ஒழுங்கானவன் சீருடையைக் கவனியாமை, மதுவை நாடுதல் ஆகியன நடத்தையிற் காண்பன. ஓரடையாளம் ஒருநாள் தோன்றினால் அஞ்ச வேண்டியதில்லை. பல கூடி வாரக்கணக்கில் நிலைத்தால் அசட்டை செய்யலாகாது. ஒருவனை அவனுடைய முந்திய இயல்போடு ஒப்பிட வேண்டுமேயன்றி, பக்கத்தில் நிற்பவனோடு ஒப்பிடலாகாது.

மனத்தின் குற்றமென மயங்கத்தக்க உடல் ஆபத்தொன்றும் உண்டு. கொழும்பின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராது; உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. வெயிலில் அணிவகுக்கும் இளைஞன் திடீரெனத் தடுமாறினால், பொருந்தாமற் பேசினால், கட்டளைக்கு மாறாக நடந்தால், அது அடங்காமையென்று தண்டிக்கத் தோன்றும். ஆனால் அது வெப்பத்தாக்காக இருக்கலாம். உடல்வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடந்திருக்கலாம். உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடைகளைத் தளர்த்தி, குளிர்ந்த நீரால் உடல் முழுவதையும் குளிர்வித்தவாறே வைத்தியரை அழைக்க வேண்டும். தாமதம் உயிரை வாங்கும். 1950களில் அமெரிக்காவின் பரிஸ் ஐலண்ட் பயிற்சி முகாமில், காற்றின் ஈரத்தையும் வெயிலையும் சேர்த்து அளந்து, அளவுக்கேற்ற நிறக்கொடிகளை ஏற்றும் முறை வகுக்கப்பட்டது. கொடியின் நிறமறிந்து பயிற்சியைக் குறைத்தனர், நிறுத்தியும் வைத்தனர்.

பயிற்றுநர் செய்யக்கூடியவை பல. உறக்க நேரத்தைத் தண்டனைக்காகப் பறிக்கலாகாது. அடுத்து வருவது யாதென்று முன்னரே சொன்னால் அச்சம் பாதியாகும். பிழையைக் கண்டிக்கலாம், பிறப்பையும் மொழியையும் இகழலாகாது. கட்டளை மொழி தாய்மொழியாக இல்லாதவனுக்கு, விளங்கிக்கொள்வதே இரண்டாவது சுமை. அவன் தாமதம் மந்தபுத்தியன்று. இருவர் இருவராக இணைத்து ஒருவர் நலத்தை மற்றவர் கவனிக்கச் செய்வதும் பயனுடைய வழக்கம். பயிற்சி பெறுபவன் தானும் செய்யத்தக்கது ஒன்றுண்டு: மூச்சை மெல்ல உள்ளிழுத்து, அதனினும் மெல்ல வெளிவிடுதல். விரைந்த இதயத்தை இது தணிக்கும். பிராணாயாமம் அறிந்த நம்மவர்க்கு இது புதுமையன்று.

இனி வீட்டார் பங்கு. விடுமுறையில் வெள்ளவத்தைக்கோ கொட்டாஞ்சேனைக்கோ திரும்பும் பிள்ளையிடம், ‘நீ ஆண்பிள்ளை அல்லவா, பொறுத்துக்கொள்’ என்று கூறுதல் வாயை அடைப்பதாகும். 1983 யூலையின் துயரத்தை மறவாத தமிழ் இல்லங்களில் சீருடை என்பது வெறுந்துணியன்று. அங்கே தந்தையின் மௌனமும் பிள்ளையின் மௌனமும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. ‘இரவில் உறக்கம் வருகின்றதா? உன்னோடு பேச அங்கே யார் இருக்கின்றார்கள்?’ என்று மெல்லக் கேட்டு, விடையை இடைமறியாமற் கேட்பதே முதற் சிகிச்சை.

‘இருந்தென்ன பயன்’ என்னும் பேச்சு எழுந்தால், அது விளையாட்டென்று விடலாகாது. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரே கேட்பதால் அவ்வெண்ணம் உண்டாகிவிடாது. மறைத்தவனுக்கு மனந்திறக்க வழியே உண்டாகும். அவனைத் தனியே விடாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் இதற்கென்றே உள்ளது. 1974இல் கொழும்பில் தொடங்கிய சுமித்திரயோவும் துயருற்றோர் சொல்வதை இரகசியமாகக் கேட்டு ஆறுதலளிக்கின்றது.

அணிவகுப்பில் மயங்கி விழுபவனை நால்வர் ஓடிவந்து தூக்குகின்றனர். அதில் எவரும் நாணுவதில்லை. உள்ளம் தளர்ந்து நிற்பவனுக்கும் அந்த நால்வர் வேண்டும். அவன் விழுமுன்னரே அவர்கள் வருவார்களாயின், ஒரு வீடு தன் பிள்ளையை இழவாது காக்கும்.