சமையலறை பீரிலிருந்து பேட்டை ஆலை வரை
அண்டை வீட்டு நண்பர்கள் இருவரின் வியாபாரக் கதை

"நல்ல சரக்கு தானாகவே விற்கும்" என்று சொல்வார்கள். கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பவர்களுக்கு அது பாதி உண்மைதான் என்று தெரியும். எவ்வளவு நல்ல சரக்காக இருந்தாலும், யாராவது அதை வண்டியில் ஏற்றி, கடை கடையாக இறக்கி, கடைக்காரரிடம் நாலு வார்த்தை பேசி, கண்ணில் படும் இடத்தில் அடுக்கி வைத்தால்தான் வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேரும். சரக்குக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில்தான் மொத்த வியாபாரிகளும் சில்லறை வணிகர்களும் பிழைப்பு நடத்துகிறோம். அந்த இடைவெளியின் மதிப்பு என்ன என்பதைக் காட்டும் அனுபவம் ஒன்று அமெரிக்காவில், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் நடந்தது.

இது ஒரு பீர் ஆலையின் கதை. மது நம் உறுப்பினர்கள் கையாளும் பொருள் அல்ல. நம் மாநிலத்தில் 2003 முதல் அதன் சில்லறை விற்பனை அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. எனவே இங்கே பொருளை விட்டுவிட்டு வியாபாரத்தை மட்டும் பார்ப்போம்.

பொழுதுபோக்கு பிறந்த விதம்

ஸ்டீவ் ஹிண்டி என்பவர் பத்திரிகைக்காரர். ஏ.பி. செய்தி நிறுவனத்தின் நிருபராகப் பெய்ரூட்டிலும் கெய்ரோவிலும் பணியாற்றியவர். கெய்ரோவில் அவருக்குச் சில அமெரிக்கத் தூதரக அதிகாரிகள் பழக்கமானார்கள். அவர்கள் முன்பு சவூதி அரேபியாவில் வேலை பார்த்தவர்கள். அப்போது மதுவுக்கு முழுத் தடை இருந்த நாடு அது என்பதால் வீட்டிலேயே பீர் காய்ச்சக் கற்றுக்கொண்டவர்கள். அவர்களிடமிருந்து ஹிண்டிக்கும் அந்த ஆர்வம் தொற்றிக்கொண்டது.

செய்முறை நமக்குப் புரியாத ஒன்றல்ல. கேழ்வரகை முளைகட்டி உலர்த்துவது போலவே பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்துகிறார்கள். அதை நொறுக்கிச் சூடான நீரில் ஊறவிட்டால் மாவுச்சத்து இனிப்பாக மாறிச் சாறு இறங்குகிறது. அந்தச் சாற்றில் ஹாப்ஸ் என்ற பூவைப் போட்டுக் கொதிக்கவைத்தால் கசப்பும் மணமும் சேரும். ஆறிய பிறகு ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவிடுகிறார்கள். வீட்டில் செய்பவர்கள் வழக்கமாக ஒரு தடவைக்கு 5 காலன், அதாவது சுமார் 19 லிட்டர் காய்ச்சுவார்கள்.

அமெரிக்காவிலேயே கூட இது நீண்ட காலம் சட்டவிரோதமாகத்தான் இருந்தது. 1933-ல் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டில் திராட்சை மது செய்ய அனுமதி கிடைத்தது, பீருக்குக் கிடைக்கவில்லை. 1978 அக்டோபரில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால்தான் அந்தத் தடை விலகியது. வீட்டில் வயது வந்தவர் ஒருவர் இருந்தால் ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன் வரை, விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சலாம் என்றது அந்தச் சட்டம். அந்தச் சமயத்தில் அமெரிக்கா முழுவதும் எஞ்சியிருந்த பீர் ஆலைகள் 100-க்கும் குறைவு. சில பெரிய கம்பெனிகள் மற்றவற்றை விழுங்கிவிட்டன. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஏறத்தாழ 50 ஆலைகள் இருந்த புரூக்ளினில், மிச்சமிருந்த ஷேஃபர், ரைன்கோல்டு ஆகிய ஆலைகளும் 1976-ல் மூடப்பட்டன.

மாடி வீடும் கீழ் வீடும்

1984-ல் ஹிண்டி குடும்பத்துடன் புரூக்ளினில் குடியேறி, ஒரு நாளிதழில் ஆசிரியர் குழுவில் சேர்ந்தார். ஓய்வு நேரத்தில் வீட்டில் பீர் காய்ச்சினார். கீழ் வீட்டில் குடியிருந்தவர் டாம் பாட்டர். வங்கியில் கடன் வழங்கும் பிரிவில் அதிகாரி. இருவரும் சேர்ந்து ருசி பார்ப்பதில் தொடங்கிய நட்பு, "இதை நம் பேட்டையின் பெயரில் ஏன் விற்கக்கூடாது?" என்ற பேச்சில் வந்து நின்றது.

பாட்டருக்கு முதலில் நம்பிக்கை இல்லை. கடன் கேட்டு வருபவர்களின் கணக்கைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர் அல்லவா? ஆனால் அதே பழக்கம்தான் பின்னால் கைகொடுத்தது. முதல் எவ்வளவு வேண்டும், எத்தனை மாதம் நஷ்டத்தைத் தாங்க வேண்டும் என்றெல்லாம் கணக்குப் போட்டுத் திட்டம் எழுதப்பட்டது. உறவினர், நண்பர்களிடமிருந்து சுமார் 5 லட்சம் டாலர் திரட்டினார்கள். இருவருமே மாதச் சம்பள வேலையை விட்டார்கள். இருவரும் குடும்பஸ்தர்கள். தொழில் நொடித்தால் தங்கள் பணத்தோடு, வேண்டியவர்களின் பணமும் போய்விடும். தினமும் முகத்தில் முழிக்க வேண்டியவர்களிடம் வாங்கிய முதல் அது.

இயந்திரம் பிறகு, வாடிக்கை முதலில்

இங்கே அவர்கள் எடுத்த முதல் முடிவைக் கவனியுங்கள். கையில் பணம் வந்ததும் அவர்கள் ஆலை கட்டவில்லை. நியூயார்க் மாநிலத்தின் உள்பகுதியில், யூட்டிகா என்ற ஊரில், எஃப்.எக்ஸ். மேட் என்ற பழைய குடும்ப நிறுவனம் பீர் ஆலை நடத்திவந்தது. அங்கே கூலிக்குக் காய்ச்சித் தரும்படி ஏற்பாடு செய்தார்கள். நம் ஊரில் சொந்த மில் இல்லாதவர், எள்ளைச் செக்கில் கொடுத்து ஆட்டி வாங்கித் தன் பெயரில் விற்பதைப் போலத்தான் இதுவும்.

வீட்டில் 19 லிட்டர் காய்ச்சும் கைப்பக்குவம் பெரிய தொட்டிக்குச் சரிவராது என்பதையும் உணர்ந்திருந்தார்கள். வில்லியம் மோல்லர் என்ற அனுபவசாலியைக் கொண்டு செய்முறையை வகுத்தார்கள். அவர் நான்காவது தலைமுறையாக இத்தொழிலில் இருந்தவர். அவருடைய தாத்தா புரூக்ளினிலேயே பீர் காய்ச்சியவர்.

அடுத்தது பெயரும் முத்திரையும். நியூயார்க் மீது அன்பு சொல்லும் இதயச் சின்னத்தை வரைந்து உலகப் புகழ் பெற்ற ஓவியர் மில்டன் கிளேசரை அணுகினார்கள். அவருக்குத் தருமளவு ரொக்கம் அவர்களிடம் இல்லை. அவர் கட்டணத்துக்குப் பதிலாகக் கம்பெனியில் பங்கு வாங்கிக்கொண்டார். எளிமையான 'பி' என்ற ஆங்கில எழுத்தும் 'புரூக்ளின்' என்ற ஊர்ப் பெயரும் முத்திரையாயின. 1988-ல் 'புரூக்ளின் லாகர்' விற்பனைக்கு வந்தது.

யார் வண்டியில் ஏற்றுவது?

இனிதான் நமக்கு முக்கியமான இடம். மதுவிலக்கு நீங்கிய பிறகு அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் பீர் வியாபாரம் மூன்று படிகளாக அமைந்தது: தயாரிப்பாளர், மொத்த விநியோகஸ்தர், சில்லறைக் கடை. புதிதாக வருபவர் பெரிய விநியோகஸ்தரைப் பிடித்தால் வேலை சுலபம் என்று தோன்றும். ஆனால் அவருடைய வண்டியில் பெருங்கம்பெனிகளின் பீர் ஏற்கெனவே நிறைந்திருக்கும். அவருடைய சேல்ஸ்மேன் கையில் நீண்ட பட்டியல் இருக்கும். அதில் கடைசி வரியில் இருக்கும் புதுப் பெயரைக் கடைக்காரரிடம் எடுத்துச் சொல்ல அவருக்கு நேரமும் இல்லை, அவசியமும் இல்லை.

அப்போது அவர்களுக்கு யோசனை சொன்னவர் சோபியா காலியர் என்ற பெண்மணி. அவரும் புரூக்ளினில் சிறிய அளவில் 'ஸோஹோ' என்ற சோடா பானத்தைத் தொடங்கிப் பெரிய அளவுக்குக் கொண்டுவந்தவர். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: உங்கள் சரக்கை நீங்களே கொண்டுபோய்ப் போடுங்கள், வண்டியில் உங்கள் பெயரை எழுதுங்கள்.

அப்படியே செய்தார்கள். விநியோக உரிமமும் பெற்று, பத்திரிகை ஆசிரியரும் வங்கி அதிகாரியும் தாங்களே வண்டி ஓட்டினார்கள். பார்களுக்கும், தெருமுனை மளிகைக் கடைகளுக்கும் பெட்டி பெட்டியாக இறக்கினார்கள். 'சாதாரண பீரைவிட விலை கூட, யார் வாங்குவார்?' என்ற கேள்விக்கு நேரில் நின்று பதில் சொன்னார்கள். எந்தத் தெருவில் போகிறது, எங்கே தேங்குகிறது, எந்தக் கடையில் பழைய சரக்கு மீந்திருக்கிறது என்பதையெல்லாம் அன்றன்றே தெரிந்துகொண்டார்கள். பீர் நாள்பட்டால் ருசி கெடும் பொருள். பழைய பாட்டில் ஒன்று வாடிக்கையாளர் கையில் போனால் பெயர் போய்விடும்.

வேறு யார் சரக்குக்கும் இடம்

சொந்த வண்டி, ஓட்டுநர், குடோன் என்று வந்துவிட்டால் ஒரே ஒரு சரக்கை வைத்து அந்தச் செலவைக் கட்ட முடியாது. எனவே மற்றச் சிறு ஆலைகளின் பீரையும், பெல்ஜியம் முதலிய நாடுகளிலிருந்து இறக்குமதியான பீரையும் அதே வண்டியில் ஏற்றினார்கள். போட்டியாளரின் சரக்கை விற்கலாமா என்ற கேள்வி எழத்தான் செய்யும். ஆனால் ஒரே தரத்தில் நாலு சரக்கு சேர்ந்து போகும்போது கடையில் அதற்கென்று தனி வரிசையே உண்டாகிறது. அந்த வரிசையில் தன் சரக்கும் நிற்கிறது. இந்தக் கணக்கு சரியாக வந்தது.

1994-ல் காரெட் ஆலிவர் தலைமைக் காய்ச்சுநராகச் சேர்ந்தார். அவரும் வீட்டில் காய்ச்சிப் பழகி இத்தொழிலுக்கு வந்தவரே. 1996 மே மாதம், விற்பனை தொடங்கி 8 ஆண்டுகளுக்குப் பிறகு, புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க் பகுதியில் சொந்த ஆலை திறக்கப்பட்டது. நகர மேயர் ரூடி ஜூலியானி திறந்துவைத்தார். கைவிடப்பட்ட கிடங்குகளும் பட்டறைகளும் நிறைந்திருந்த பேட்டை அது. 20 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு அந்தப் பகுதியில் மீண்டும் வணிக அளவில் பீர் காய்ச்சப்பட்டது.

அதே சமயத்தில் நாடு முழுவதும் சிறு ஆலைகள் காளான் போல முளைத்திருந்தன. 1990-களின் பிற்பகுதியில் வளர்ச்சி தேங்கி, பல மூடப்பட்டன. புரூக்ளின் ஆலை தாக்குப்பிடித்ததற்குச் சொந்த விநியோகமும் ஒரு காரணம். அந்த விநியோகப் பிரிவே பெரிய சொத்தாக வளர்ந்து, 2003-ல் வேறொரு விநியோக நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பாட்டர் 2004-ல் விலகினார். பிரிந்த பிறகும் இருவரும் பகையாகவில்லை. தங்கள் அனுபவத்தைச் சேர்ந்தே புத்தகமாக எழுதி 2005-ல் வெளியிட்டார்கள். 2016-ல் ஜப்பானின் கிரின் நிறுவனம் ஆலையில் சுமார் கால் பங்கை வாங்கியது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

இதைப் படித்துவிட்டு எவரும் ஆசைப்பட்டதையெல்லாம் தொழிலாக்கக் கிளம்பிவிடக் கூடாது. இன்று அமெரிக்காவில் சிறு பீர் ஆலைகள் 9,000-க்கும் மேல்; ஆனால் 2024-ல் புதிதாகத் திறந்தவற்றைவிட மூடப்பட்டவையே அதிகம். ஆழம் தெரியாமல் காலை விட்டால் முதலுக்கே மோசம் வரும்.

மொத்த வியாபாரம் செய்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டுப் பொடி, ஊறுகாய், சோடா, செக்கு எண்ணெய் என்று சிறு உற்பத்தியாளர் ஒருவர் நம்மிடம் வரும்போது, அவருடைய சரக்கை வாங்கிக் குடோனின் மூலையில் போட்டுவைத்தால் நாம் வெறும் சுமைகூலிதான். அவர் ஒருநாள் தானே வண்டி பிடித்துக்கொண்டு போவார். அதில் தவறும் இல்லை. மாறாக, அந்தச் சரக்கைப் பற்றி நாலு கடைக்காரரிடம் நாம் பேசினால் அவர் நம்மை விட்டுப் போகக் காரணம் இருக்காது.

சில்லறை வணிகர்களுக்கும் ஒரு சேதி உண்டு. புரூக்ளினின் தெருமுனைக் கடைக்காரர்கள் முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு அலமாரியில் ஓரிடம் கொடுத்தார்கள். பெருங்கம்பெனியின் பீர் எல்லாக் கடையிலும் கிடைக்கும். பேட்டையின் பெயர் தாங்கிய பீர் தன் கடையில் கிடைக்கிறது என்பது அந்தக் கடைக்காரருக்கும் ஒரு மரியாதைதானே! நம் கடை அலமாரியிலும் ஒரு வரிசையை நம் ஊர்ச் சரக்குக்கு ஒதுக்கலாம். ஆறு மாதம் வைத்துப் பார்த்து, போகாவிட்டால் எடுத்துவிடலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு முழ அலமாரிதான்.